முடி பறக்கிற ஷாட்

"பாட்டு பாடுற அண்ணா ஒவ்வொரு வரிக்கும் சட்டை மாத்துறாரே, எங்க போய் மாத்துறாரு?"

டிவிக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்திருந்த ஒரு சின்னப் பெண் ஒருமுறை இப்படிக் கேட்டாள். திரையில் ஒருவன் கடற்கரையில் நீலச் சட்டையில் ஒரு வரி பாடினான். அடுத்த வரிக்குப் பாலத்தின் மேல் சிவப்புச் சட்டையில் நின்றான். நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. "அது அப்படித்தான்" என்றாள் அம்மா. "வசதி இருக்கிறவன் மாத்துறான், உனக்கென்ன?" என்றார் அப்பா. ஆனால் கேள்வி அவளுடைய அண்ணன் மண்டைக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பதில் தேடித்தான் சினிமா படிக்க வந்ததாகப் பின்னாளில் அவன் கல்லூரியில் சொல்லிக்கொண்டான். கணக்கில் வாங்கிய மார்க்கும் ஒரு காரணம் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

கல்லூரியில் அவனுக்குப் பெரியவர் என்று பெயர். வயது என்னவோ இருபதுதான். ஆனால் கேன்டீனில் டீ கேட்பதாக இருந்தாலும் தொண்டையைச் செருமி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரங்கல் கூட்டத்தில் பேசுவது போலக் கேட்பான். மரியாதை பெயரோடு நின்றுவிட்டது. "பெரியவர் எங்கடா?" என்று கேட்டால், "பெரியவர் பாத்ரூம்ல இருக்கான்" என்றுதான் பதில் வரும்.

போன வருடம் பெரியவர் எடுக்க வேண்டிய படம் முடியவே இல்லை. திட்டம் போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரைந்தான். கேமரா நகரும் திசைக்கு அம்புக்குறி போட்டான். பிறகு அம்புக்குறிக்கு நிழல் தீட்டினான். அதற்குள் கடைசித் தேதி வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. வகுப்பு எடுக்கும் மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ நல்லா வரையறப்பா," என்றார் மேடம். "ஆனா இது வரையற வகுப்பு இல்ல. இந்த வருஷம் ஒரே ஒரு பாட்டுதான் எடுக்கணும். வெள்ளிக்கிழமை முடிஞ்ச படம் என் மேசைக்கு வரணும். பாதிப் படம், முக்காப் படம், 'கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு மேடம்', இதெல்லாம் வேணாம். வரலைன்னா அடுத்த வருஷம் உனக்கு இங்க இடமில்ல. சிரிக்காத, நிஜமாத்தான் சொல்றேன்."

பெரியவர் சிரிக்கவில்லை. அவன் முகம் பயந்தால் அப்படி ஆகிவிடும்.

பாட்டு கூந்தலுடையது. கூந்தல் என்பவன் தோளுக்குக் கீழே முடி வளர்த்த ஒரு பையன். நன்றாகப் பாடுவான். மற்ற எந்த வேலையானாலும் நாளைக்குச் செய்வான். அவனே எழுதி இசையமைத்த பாட்டின் பெயரும் 'நாளைக்குப் பாத்துக்கலாம்'. முடிகூட அவன் வளர்த்ததல்ல, வெட்டப் போகாததால் தானாக வளர்ந்தது. படத்தின் கதையும் அதுவேதான்: எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளிப்போடும் ஒருவன் ஊரெல்லாம் முடி பறக்கத் திரிகிறான், கடைசியில் ஒரு நாள் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்து வெட்டிக்கொள்கிறான். முடி தரையில் விழுகிறது. பாட்டு முடிகிறது.

"நிஜமாவே வெட்டுவோம்," என்றான் பெரியவர்.

"வெட்டு," என்றான் கூந்தல். "எப்படியும் நாளைக்கு வெட்டணும்னுதான் இருந்தேன். மூணு வருஷமா."

கேமராவுக்கு முக்காலி. ஒருமுறை வகுப்பு நடுவில் கல்லூரி ஸ்டாண்டின் கால் வழுக்கிவிட, விழப்போன கேமராவைத் தாங்கிப் பிடித்து, பாட்டு முடியும் வரை அசையாமல் நின்ற பெண். அன்றிலிருந்து அவள் பெயர் முக்காலி. எப்போதும் தலையில் ஒரு பழைய தொப்பி, வாயில் குறைந்த பேச்சு. மற்றவர்கள் ஆளுக்கு ஆள் யோசனை சொல்லும்போது அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை காலை ஒத்திகைக்காகப் பெரியவர் வீட்டு ஹால் சலூன் ஆனது. தரையில் டேப் ஒட்டி நாற்காலிகள், கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் அளவாகக் குறித்தார்கள். சுவரில் அட்டைகள் ஏறின. சலூனில் எடுக்கும் ஷாட்டுக்கு நீல அட்டை. கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் எடுக்கும் கோரஸ் ஷாட்டுகளுக்கு மஞ்சள் அட்டை. கோரஸில்தான் முடி பறக்கிற ஷாட் இருந்தது. காற்றை எதிர்த்து ஓடும் கூந்தல் திரும்பாமல் கைகளை விரிப்பான், முடி திரை முழுக்கப் பறக்கும். பெரியவர் அதற்கு மட்டும் மூன்று அட்டை ஒட்டியிருந்தான்.

அப்பா பேப்பரை எடுக்க ஹாலுக்குள் வந்தார்.

"அப்பா, நில்லுங்க! அங்க கண்ணாடி."

"எங்கடா?"

"உங்க மூக்குக்கு முன்னாடி. சுத்தி வாங்க."

அப்பா தன் சொந்த வீட்டில், இல்லாத கண்ணாடியைச் சுற்றி, இல்லாத கதவைத் திறந்துகொண்டு போய்ப் பேப்பரை எடுத்தார். சமையலறையிலிருந்து அம்மா, "கதவைச் சாத்திட்டு வாங்க, ஏசி போயிடும்," என்றாள். வீட்டில் ஏசி கிடையாது.

முடி வெட்டும் ஷாட்டுக்கு ஒத்திகை பார்க்க ஆள் வேண்டியிருந்தது. கூந்தல் இன்னும் வந்து சேரவில்லை, 'கிளம்பிட்டேன்' என்று செய்தி மட்டும் அனுப்பியிருந்தான். ஆகவே அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்பாவின் தலையில் வெட்டுவதற்கு எதுவுமில்லை, பல வருடங்களாகவே. அம்மாவின் நீளமான கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்துத் தலையில் போட்டார்கள்.

"அப்பா, நீங்கதான் இப்ப கூந்தல்."

"கல்யாணத்தப்போ நிஜமாவே இருந்துச்சுடா," என்றார் அப்பா. "உங்க அம்மாவைக் கேளு."

"எனக்கு ஞாபகமில்ல," என்றாள் அம்மா.

கத்தரி வரும், துண்டு தரையில் விழும், முக்காலி கீழே குனிந்து விழுவதை எடுப்பாள். துண்டை எடுத்து மறுபடி தலையில் போடுவார்கள். மறுபடி விழும். பிறகு அதே துண்டோடு அப்பாவை மாடிப்படியில் ஓடவிட்டுக் கோரஸையும் பார்த்தார்கள். வெட்டுவது ஒரே முறைதான் நடக்கும், இரண்டாவது டேக் என்பதே இல்லை என்பதால், அந்த ஷாட்டை மட்டும் அப்பாவின் கழுத்து பிடித்துக்கொள்ளும் வரை ஒத்திகை பார்த்தார்கள்.

தங்கச்சிக்கும் வேலை இருந்தது. சின்ன வயதில் கேட்ட கேள்வியின் பலனாக அவள் 'சட்டை அதிகாரி' ஆகியிருந்தாள். தன் படத்தில் எந்தச் சட்டையும் தானாக மாறாது என்று பெரியவர் சபதம் எடுத்திருந்தான். படம் முழுக்க ஒரே பச்சைச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லாதது. எந்தக் கை எவ்வளவு மடிந்திருக்க வேண்டும், ஷூ கயிறு எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதையெல்லாம் முக்காலி படம் எடுத்து வைத்தாள், தங்கச்சி சரிபார்த்தாள். "அண்ணா, இடது கை ஒரு மடிப்பு அதிகம்" என்று அவள் சொன்னபோது பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு மாமாவிடமிருந்து போன் வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி, சலூன் அவருடையது.

"மாப்ள, திங்கக்கிழமைதான் கடை லீவு. அன்னைக்கு வாங்க. மத்த நாள்ல கேமராவைத் தூக்கிட்டு வந்தீங்கன்னா வரிசையா உக்கார வச்சு மொட்டை அடிச்சிருவேன்."

கார் நிறுத்தும் கட்டடத்திலோ புதன்கிழமை மட்டும்தான் மேல் மாடி காலியாக இருக்குமாம். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான். பிறகு நீல அட்டைகளையெல்லாம் பிய்த்து முன்னால் ஒட்டினான், மஞ்சளைப் பின்னால் தள்ளினான். கதை வரிசை வேறு, எடுக்கும் வரிசை வேறு என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திங்கள் சலூன், புதன் மாடி, வியாழன் எடிட்டிங், வெள்ளி மேடம் மேசை. எல்லாம் பொருந்தியது. வெயில் எந்தப் பக்கம் விழும், பஸ் எப்போது வரும், பேட்டரி எத்தனை வேண்டும் என்றெல்லாம் பார்த்தார்கள். பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். அது அந்த நேரம் அப்பாவின் தலையிலிருந்து எடுக்கப்பட்டு, மடித்து அலமாரியில் வைக்கப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை எல்லாம் அற்புதமாகப் போனது. மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். "எந்தப் பக்கம் நின்னா தொப்பை தெரியாதும்மா?" என்று முக்காலியிடம் கேட்டார். "நாற்காலிக்குப் பின்னாடி, மாமா," என்றாள் அவள். தங்கச்சி பள்ளிக்கூடம் போகும் முன் பச்சைச் சட்டைக்கு ஒப்புதல் கொடுத்து அனுப்பியிருந்தாள். சின்ன ஷாட்டுகள் எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன. பிறகு பெரிய ஷாட்.

பாட்டு ஒலித்தது. கூந்தல் கண்ணாடியைப் பார்த்துக் கடைசி வரியைப் பாடினான். மாமாவின் கத்தரி காதுக்குப் பக்கத்தில் வந்தது. சரக், சரக் என்று மூன்று வருடச் சோம்பேறித்தனம் சுருள் சுருளாகக் கீழே இறங்கியது. முக்காலி விழும் முடியோடு கேமராவையும் தரைக்குக் கொண்டுவந்தாள். யாரும் மூச்சுவிடவில்லை.

"கட்!"

கைதட்டினார்கள். மாமா குனிந்து வணக்கம் வைத்தார். கூந்தல் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"டேய், பின்னாடியெல்லாம் காத்து படுதுடா. இவ்வளவு நாளா என் கழுத்து எங்க இருந்துச்சு?"

மாமா துடைப்பத்தை எடுத்து முடியைக் கூட்ட ஆரம்பித்தார். கூந்தல் கண்ணாடிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான்.

"புதன்கிழமை ஷாட்ல இப்படித்தான நிக்கணும்? காத்து வந்ததும் தலையை இப்படி ஒரு உதறு..."

உதறினான். ஒன்றும் பறக்கவில்லை.

மறுபடி உதறினான், இன்னும் கொஞ்சம் பலமாக. பிறகு கண்ணாடியில் தன்னையே பார்த்தான். பெரியவர் அவனைப் பார்த்தான். முக்காலி கீழே கிடந்த முடியைப் பார்த்தாள். சனிக்கிழமை ஹாலில் துண்டு விழுந்தது, எடுத்து மறுபடி போட்டார்கள். முடிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் மாமா. "வெட்டு கோணலா?"

"கூட்டாதீங்க மாமா," என்றான் பெரியவர். "ஒட்டிடலாம்."

"நான் வெட்டுறவன்டா. நடுறவன் இல்ல."

விஷயத்தைச் சொன்னார்கள். மாமா முதலில் சிரித்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வெள்ளிக்கிழமையைப் பற்றியும் மேடத்தைப் பற்றியும் கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய், வேலைக்கு வரும் புதுப் பையன்கள் பழகுவதற்காக வைத்திருந்த ஒரு பொம்மைத் தலையின் டோப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைக் கூந்தலின் தலையில் வைத்துப் பார்த்தார்கள். ஏதோ ஒரு பிராணி ஏறி வந்து, களைத்துப்போய், அங்கேயே உயிரை விட்டது போலிருந்தது.

"எடுங்க மாமா, பாவம்," என்றாள் முக்காலி.

"யாரு, நானா?" என்றான் கூந்தல்.

"அதுவும்தான்."

பெரியவர் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தான். பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தான், பென்சிலை எடுத்தான். "கோரஸை மாத்தி யோசிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டம் வரைந்தான். கட்டத்துக்குள் ஒரு மனிதன், மனிதனுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறி சரியாக வரவில்லை, அழித்தான். மறுபடி போட்டான். பிறகு அவன் அம்புக்குறிக்கு நிழல் தீட்ட ஆரம்பித்தான்.

போன வருடம் அவன் படம் இப்படித்தான் செத்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் முக்காலி. அவள் கொஞ்ச நேரம் அந்தப் பென்சிலையே பார்த்தாள். கேமராவை மேசையில் வைத்தாள். தொப்பியைக் கழற்றினாள். உள்ளே சுருட்டி வைத்திருந்த முடி அவிழ்ந்து முதுகில் விழுந்து, இடுப்பையும் தாண்டி நின்றது.

"ஏய், இதெல்லாம் எங்க வச்சிருந்தே?" என்றான் கூந்தல்.

"கோரஸ்ல அவன் திரும்பவே மாட்டான்ல?" என்றாள் முக்காலி. "முதுகுதான. நான் ஓடுறேன். பச்சைச் சட்டை எனக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கும், பரவால்ல. மாமா, அவன் முடி எவ்வளவு இருந்துச்சோ அந்த அளவுக்கு வெட்டி விடுங்க."

மாமா கத்தரியை எடுக்கவில்லை. "வீட்ல கேட்டியாம்மா?"

"என் தலைதான மாமா."

"அது சரி. ஆனாலும் நல்ல முடிம்மா."

"நல்லா வளரும் மாமா. அதுக்கு வேற வேலை இல்ல."

பெரியவர் பென்சிலைக் கீழே வைத்தான். "அன்னைக்கு நீ கேமரா பிடிக்கலைன்னா கோரஸுக்குக் கேமரா மார்க் உனக்கு வராது. தெரியும்ல?"

"தெரியும். கூந்தல் பிடிக்கட்டும். ஸ்டாண்டுல வச்சுக் குடுக்கிறேன், பட்டனை மட்டும் அமுக்கட்டும்." அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு. என் மூஞ்சி வரக்கூடாது. ஒரு ஃபிரேம்கூட. அது நான்தான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஸ்டிக்கர் ஞாபகமிருக்குல்ல?"

இரண்டு பையன்களும் தரையைப் பார்த்தார்கள். முதல் வருடத்தில் ஒரு நடிப்புப் பயிற்சியின்போது முக்காலி தும்மிய கணத்தை யாரோ வெட்டியெடுத்து ஸ்டிக்கர் ஆக்கினார்கள். அது கல்லூரி முழுக்கப் போனது. யாராவது 'சாப்பிட்டியா' என்று கேட்டால்கூடப் பதிலுக்கு அவள் முகம் வந்து விழும். அதற்குப் பிறகு அவள் கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. அந்த ஸ்டிக்கரைப் பெரியவரும் ஒன்றிரண்டு முறை அனுப்பியிருக்கிறான், வேடிக்கையாகத்தான். அதை வேடிக்கை இல்லை என்று நினைக்க வேண்டியவள் ஒருத்திதான்.

"வராது," என்றான் பெரியவர். தொண்டையைச் செருமக்கூட மறந்துவிட்டது அவனுக்கு.

மாமா வெட்டினார். அவர் எத்தனையோ தலைகளைப் பார்த்தவர், ஆனால் அன்று ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு நொடி நின்றார். கடவுள் பெரிய உதவிகளை எந்த வழியில் அனுப்புகிறார் என்று நமக்குத் தெரிவதில்லை. சின்ன உதவிகளைப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். சில சமயம் தலையில்.

புதன்கிழமை மாடியில் காற்று வேலைக்கு வந்திருந்தது. முக்காலி பச்சைச் சட்டையில் நின்றாள். பட்டன் இல்லாத இடத்தில் உள்ளிருந்து ஓர் ஊக்கு. கூந்தல் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானே பாடி, நானே ஓடாம, நானே என்னை எடுக்கிறேன்," என்றான். "இந்த மாதிரி ஒரு ரெஸ்ட் எந்த ஹீரோவுக்குடா கிடைக்கும்?"

"சிவப்புப் புள்ளி வந்தா ஓடுதுன்னு அர்த்தம்," என்றாள் முக்காலி. "அமுக்கினா ஓடும், மறுபடி அமுக்கினா நிக்கும். வேற எதையும் தொடாத. மூச்சு வேணா விட்டுக்கோ."

இரண்டாவது டேக்கின்போது வாட்ச்மேன் வந்தார். கையில் ஒரு பெரிய டார்ச், பட்டப்பகலில்.

"யாருப்பா நீங்க? புதன்கிழமைன்னு சொன்னாங்க, சத்தத்தோடன்னு சொல்லலையே!"

பெரியவர் ஓடிப்போய்த் தன் இரங்கல் குரலில் விளக்க ஆரம்பித்தான். வாட்ச்மேன் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பீக்கரிலிருந்து 'நாளைக்குப் பாத்துக்கலாம்' வந்துகொண்டிருந்தது. அவருடைய தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. பிறகு தோள். அப்புறம் டார்ச்.

"இது என் கதைப்பா," என்றார். "யாரு எழுதினது? போடு, இன்னொரு தடவை போடு."

இந்தப் பக்கம் கூந்தல் கேமராவை அவர் பக்கம் திருப்பி, அவர் ஆடுவதைக் கொஞ்சம் எடுத்துவைத்தான். யாரும் சொல்லவில்லை, அவனுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசி டேக். முக்காலி ஓடினாள். காற்றை எதிர்த்து, சட்டை படபடக்க, மாடியின் விளிம்புச் சுவர் வரை ஓடி நின்று கைகளை விரித்தாள். முடி எழுந்து பரவியது. வானத்தில் பாதியை மறைத்தது. பெரியவர் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் வரைந்த மூன்று அட்டைகளிலும் அது இவ்வளவு நன்றாக இல்லை.

"கட்!" என்று கத்திவிட்டு அவன் வாட்ச்மேனுக்கு நன்றி சொல்லத் திரும்பினான். கூந்தல் எந்தப் பட்டன் என்று தேடிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மதியம் மேடம் பெரியவரின் படத்தைப் பார்த்தார். இன்னும் எடிட்டிங் வேலை பாக்கியிருந்தது, ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடியது. மேடம் சலூன் காட்சியில் சிரித்தார். முடி விழும் இடத்தில் முன்னால் சாய்ந்து பார்த்தார். பெரியவர் நாற்காலி நுனியில் இருந்தான்.

"இந்த வருஷம் படம்னு ஒண்ணு இருக்கு," என்றார். "சந்தோஷம். ஆனா கோரஸ்ல முழுக்க முதுகுதான். ஓட்டம் நல்லா இருக்கு, முடி நல்லா இருக்கு. ஆள் எங்க? ஒரு தடவையாவது ஒரு முகம் திரும்பி என்னைப் பார்க்க வேணாமா? நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி இருக்குப்பா. இப்படியே குடுத்தா முடிஞ்ச படம்னு என்னால கையெழுத்துப் போட முடியுமான்னு தெரியல. நாளைக்குக் காலை வரைக்கும் நேரமிருக்கு. தேடிப் பாரு."

எடிட்டிங் அறை கல்லூரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மற்றவர்கள் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். முக்காலி போகும்போது கதவருகே நின்று, "வரணுமா?" என்று கேட்டாள். "வேணாம், நான் பாத்துக்கிறேன்," என்றான் பெரியவர். புது நீளத்துக்குத் தொப்பி கொஞ்சம் தளர்வாக இருந்தது. இழுத்துவிட்டுக்கொண்டு போனாள்.

அவன் மாடியில் எடுத்த எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். கடைசி டேக்கின் ஓட்டம் வந்தது, விரித்த கைகள் வந்தன, தூரத்தில் அவனுடைய சொந்தக் குரல் "கட்" என்றது. வழக்கமாக அங்கே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பான். அன்று அப்படியே ஓடவிட்டான். கூந்தல் பட்டனைக் கண்டுபிடிக்கும் வரை கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திரையில் முக்காலி கைகளை இறக்கினாள். திரும்பினாள். முடி முகத்தில் வந்து அப்பியது. அதை ஒரு கையால் ஒதுக்கினாள். வாட்ச்மேன் இன்னும் ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் ஒருத்தியின் சிரிப்பு. வெயில் சரியாகக் கன்னத்தில் விழுந்தது. லென்ஸ், யாரும் கேட்காமலே, அவள் கண்ணில் தெளிந்து நின்றது.

பெரியவர் அதை மறுபடி பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். பிறகு கோரஸின் நடுவில், மேடம் ஓட்டை என்று சொன்ன இடத்தில், வைத்துப் பார்த்தான். வெட்டிய துணி தன் இடத்தைத் தானே தேடிப் போய் உட்கார்ந்தது போல உட்கார்ந்தது. படம் முழுக்க முதுகைக் காட்டி ஓடிய சோம்பேறி திரும்பினால், அங்கே வேறு யாரோ ஒரு பெண், உலகத்தில் எதையும் நாளைக்குத் தள்ளிப்போடாத ஒரு முகம். பாட்டுக்கே வேறு பொருள் வந்துவிட்டது. எவ்வளவு திட்டம் போட்டாலும் கிடைக்காத ஷாட். மேடம் இதைப் பார்த்தால் கையெழுத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்.

மனம் உடனே வக்கீல் வைத்தது. ஒரு நொடிதானே. நல்லாத்தானே இருக்கா, தும்மல் இல்லையே. இதைப் பார்த்தா அவளுக்கே பிடிக்கும். ஸ்டிக்கரை மறக்க இதுதான் நல்ல வழி. அவளுக்காகவே வைக்கலாம். வக்கீல் நன்றாகப் பேசினார். நமக்கு வேண்டியதைச் செய்யச் சொல்லும்போது அவர் எப்போதும் நன்றாகத்தான் பேசுவார்.

போனை எடுத்தான். அவளையே கேட்டுவிடலாம். பெயர் வரை போய் விரல் நின்றது. கேட்டால் அவள், "உனக்கு அவ்வளவு தேவைன்னா வச்சுக்கோ," என்பாள். நிச்சயம் அதைத்தான் சொல்வாள். முடியைக் கொடுத்தவள், மார்க்கைக் கொடுத்தவள், இதையும் கொடுத்துவிடுவாள். அதனால்தான் கேட்கக் கூடாது என்று பட்டது அவனுக்கு. போனைக் கவிழ்த்து வைத்தான்.

அவன் படம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பெரியவர் தேறினான். வகுப்பிலேயே கடைசியாக, நூலிழையில். அவன் கோரஸின் நடுவில் டார்ச்சோடு ஆடும் வாட்ச்மேனின் முகத்தை வைத்திருந்தான். மேடம் அதைப் பார்த்துச் சிரித்து, "முகம்னா இந்த முகத்தை நான் நினைக்கலப்பா," என்று சொல்லி, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கூந்தலின் பெயரை வெட்ட யாரிடமும் கத்தரி இல்லாததால் அவன் இன்னும் கூந்தல்தான். கோரஸில் ஓடுவது யார் முதுகு என்று கேட்டவர்களிடம் "என்னோடதுதான், வேற யாருக்கு இந்த அழகு வரும்?" என்று சொல்லித் திரிந்தான்.

ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவருக்கு இது எதுவும் தெரியாது. தேறலாம், தேறாமலும் போகலாம் என்பது மட்டும்தான் தெரியும். வாட்ச்மேன் முகத்தை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். பரவாயில்லை என்று இருந்தது. பரவாயில்லை என்பதற்கும் முக்காலியின் சிரிப்புக்கும் உள்ள தூரம் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தத் தூரத்தில் அவனுடைய அடுத்த வருடம் இருந்தது.

அந்தச் சிரிப்பு கம்ப்யூட்டரில் இருக்கும் வரை காலையில் கை அதைத் தேடும். அது மட்டும் நிச்சயம்.

கடைசி டேக்கைத் திறந்தான். 'கட்' வரைக்கும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்ததைத் தனியாக வெட்டினான். இன்னொரு முறை பார்க்கலாமா என்று நினைத்தான். பார்க்கவில்லை. அழித்தான். குப்பையில் போனதைத் தேடிப் போய் அங்கேயும் அழித்தான். மீட்க முடியாது, சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்றான்.

கேமராவின் கார்டில் ஒரு நகல் இருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து, கார்டைக் கழற்றிச் செருகி, அதையும் அழித்துவிட்டு, கேமராவை இருந்தபடியே வைத்தான். முக்காலி மடிப்பது போலவே பட்டையை மடித்து வைத்தான். பிறகு உட்கார்ந்து, வாட்ச்மேன் வரும் இடத்தில் பாட்டோடு டார்ச் பொருந்துகிறதா என்று பார்க்க ஆரம்பித்தான்.